வாசலில் நின்றவள்

பெங்களூர் மர்பி டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் சங்கமித்ராவை எல்லோரும் மித்ரா என்றே கூப்பிடுவார்கள். அல்சூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க பாஸ்போர்ட் போட்டோ, அட்டைகளுக்கு லேமினேஷன், கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தருவது. "சிரிக்காதீங்க, காது தெரியட்டும், கண்ண மூடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும். அதனால்தானோ என்னவோ, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் சிரிக்கிற ஆட்களாகத் தேடித் தேடிப் படமெடுத்தாள். முதலாளி புதுக் கேமரா வாங்கியபோது பழையது அவள் கைக்கு வந்திருந்தது.

இன்ஸ்டாவில் 'மர்பி டவுன் மித்ரா' என்று ஒரு பக்கம் வைத்திருந்தாள். முதல் இரண்டு வருஷம் அதைப் பார்த்தவர்கள் சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும்தான். கதவு, ஜன்னல், மழைத்தண்ணீரில் தலைகீழாய்த் தெரியும் சர்ச் கோபுரம் என்று போட்டால் யாரும் நின்று பார்க்கவில்லை. ஆள் முகம் போட்டால் நின்றார்கள். அந்த முகம் சிரித்தால் இன்னும் கொஞ்சம் பேர் நின்றார்கள். ஜனங்கள் ஆபீஸ் விட்டு பஸ்ஸில் வரும் நேரத்தில் போட வேண்டும், கமென்ட் போட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது, பெரிய பக்கங்களின் பெயரைச் சேர்த்துவிட வேண்டும் என்பதையெல்லாம் தானாகவே தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டாள்.

அப்பா அசோகன் ஆம்புலன்ஸ் டிரைவர். மனைவி இறந்த பிறகு மகளை அவர்தான் வளர்த்தார். அவருக்கு இந்த விஷயம் பிடிபடவே இல்லை.

"முன்ன பின்ன தெரியாதவன் நம்ம சந்தைப் பாக்கறதுல உனக்கு இன்னாம்மா சந்தோசம்?"

"சும்மா இரேம்பா. உன் வண்டியப் போட்டப்ப எத்தினி பேர் பாத்தாங்க தெரியுமா?"

"வண்டியப் பாத்தா பரவால்ல" என்று சொல்லிவிட்டு அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஏப்ரல் பதினாலு ஜெயந்தி ஊர்வலத்தில்தான் அந்தப் படம் அமைந்தது. தமட்டைப் பறை அடி கிளம்பியதும் லட்சுமம்மா நீலக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் இறங்கிவிட்டாள். பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்றவள், உடம்பு கனத்தவள், ஆடினால் தெரு அவளுக்கு வழிவிடும். கொடி முகத்துக்கு மேலே பறக்க, ஒரு கால் தரையிலிருந்து எழும்ப, மித்ரா அழுத்தினாள். வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், கொடிக்குப் பின்னால் லட்சுமம்மாவின் வாசலிலேயே இடுப்பில் குழந்தையோடு நின்று ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. லட்சுமம்மா வீட்டு மாடியில் தகரக்கூரை அறையில் வாடகைக்கு இருக்கும் லாவண்யா. யாராவது கேமராவைத் தூக்கினால் துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொள்பவள். தமட்டைச் சத்தத்தில் மறந்துபோய்ச் சிரித்துவிட்டாள். ஆடுகிறவளையும் பார்த்துச் சிரிக்கிறவளையும் ஒரே சட்டத்துக்குள் பார்த்தபோது மித்ராவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பெங்களூரைப் பற்றிப் போடுகிற பெரிய பக்கம் ஒன்று அதை எடுத்துப் போட்டது. அவ்வளவுதான். சில நூறு பேர் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். ஸ்டூடியோவில் யாரோ ஒருவரின் தாடையை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதே சட்டைப்பையில் போன் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. லட்சுமம்மாவை மார்க்கெட்டில் ஆட்கள் நிறுத்தி செல்ஃபி எடுத்தார்கள், தமிழில் பேசவிட்டு வீடியோவும் போட்டார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ லாவண்யா ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கடையில் ஆள் போகும்வரை சுவரோரம் நின்றாள்.

"மித்ரா, அந்தப் போட்டோல என் முகம் இருக்கு. எடுத்துருங்க."

"அய்யோ லாவண்யாக்கா, நீங்க எவ்ளோ அழகா இருக்கீங்க தெரியுமா? அதுவும் இத்துனூண்டு. யாருக்கும் தெரியாது."

"தெரியும்."

"யாருக்கு?"

லாவண்யா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எடுத்துருங்க" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மித்ரா எடுக்கவில்லை. எடுக்கலாம் என்றுதான் போனைத் திறந்தாள். அதற்குள் இன்னும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்திருந்தார்கள். நாளைக்கு எடுக்கலாம் என்று வைத்துவிட்டாள். வைத்ததும் மனசு வேறு பக்கம் போயிற்று. முகத்தை மறைக்கிறவளுக்கு ஏதோ இருக்கத்தானே வேண்டும்? எங்கிருந்தோ ஒரு பையும் குழந்தையுமாக வந்தவள். வீட்டிலேயே கூலிக்கு ரவிக்கைக் கொக்கி கட்டிக்கொண்டு வெளியே தலைகாட்டாமல் இருப்பவள். ஊரில் எதையாவது எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பாளோ? அந்தக் குழந்தை அவளுடையதுதானா? டீக்கடைக் கண்ணாவிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"எனக்கும் டவுட்டுதான்" என்றார் கண்ணா. "பாலு வாங்க வந்தா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துட்டுதான் வரும். இன்னா கேஸோ. லட்சுமம்மாவ ஸ்வல்ப உஷாரா இருக்கச் சொல்லு."

இப்படி ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு திருட்டுக் கதை சந்துக்குள் முளைத்துவிட்டது. அதற்கு முதல் தண்ணீர் ஊற்றியவள் தானே என்பது மித்ராவுக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் ரோஜாப்பூப் படம் வைத்த கணக்கிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. பெயர் இல்லை. ஒரு படம்கூடப் போடாத கணக்கு. புதிதாகத் திறந்தது என்று பார்த்ததுமே தெரிந்தது.

'கொடிக்குப் பின்னாடி வாசல்ல நிக்கிறது யாருங்க?'

மித்ரா பதில் போடவில்லை.

'அந்தக் குழந்தை நல்லா இருக்கா? நடக்குதா?'

'பாத்துட்டீங்கன்னு காட்டுது. ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?'

அதிகாலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. லட்சுமம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊரே ஆடுகிறவளைப் பார்க்கும்போது இந்த ஆள் மட்டும் பின்னால் இருக்கிற வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கடையை விட்டு நடந்து வரும்போது பின்னால் யாரோ வருவதுபோல இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறி லாவண்யாவிடம் சொன்னாள்.

"அக்கா, ஒருத்தன் உங்களப் பத்திக் கேட்டுக்கினே இருக்கான். பேர் இல்ல. ரோஜாப்பூ வெச்சிருக்கான்."

லாவண்யாவின் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. "அவர்தான்" என்றாள்.

பிறகு சொன்னாள். திருப்பத்தூரில் புருஷன் ரகுராமுக்கு செல்போன் கடை. வெளியே பார்த்தால் தங்கமான ஆள். யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதலில் நிற்பவன். வீட்டுக்குள் கதவைச் சாத்தினால் வேறு ஆள். ஒருமுறை போலீசுக்குப் போனாள். சமாதானமாகப் போங்கள் என்று அவன் கூடவே அனுப்பி வைத்தார்கள். அன்றைக்கு விழுந்த அடியில் ஒரு காது இப்போதும் சரியாகக் கேட்பதில்லை. அவன் குழந்தையின் மேலும் கை வைத்த அன்று, காலை பஸ்ஸைப் பிடித்து பெங்களூர் வந்துவிட்டாள். கூடப் பிறந்த அக்கா கோலார் தங்கவயலில் இருக்கிறாள், அவளுக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவன் முதலில் அங்கேதான் போய் நிற்பான்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள் மித்ரா.

"சொன்னாத்தான் எடுப்பீங்களா?"

மித்ராவுக்கு முகம் சுண்டிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து படத்தை நீக்கினாள். ரோஜாப்பூவை பிளாக் செய்தாள். பெரிய பக்கத்துக்கு எழுதி, போன் நம்பர் தேடிப் பிடித்துக் கெஞ்சி, அவர்களையும் எடுக்கச் செய்தாள். ஆனால் அதற்குள் அந்தப் படம் யார் யார் கையிலோ போய்விட்டது. வாட்ஸாப்பில் ஸ்டூடியோ முதலாளிக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள்.

அன்றிலிருந்து மித்ராவுக்கு ஒவ்வொரு பெயரும் உறுத்தியது. ஆசை ஆசையாய்ச் சேர்த்த கூட்டத்தை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இவன் யார், ஏன் வந்தான், எந்த ஊர்? திருப்பத்தூர் என்று எங்காவது கண்ணில் பட்டால் அந்த ஆளை நீக்கிவிட்டாள். இப்படி ஒரு மளிகைக்கடைக்காரரை, ஒரு டியூஷன் டீச்சரை, ஒரு கல்லூரிப் பையனைத் தூக்கி எறிந்தாள். எல்லாரும் பாவம், படம் பார்க்க வந்தவர்கள்.

அந்தக் கூட்டத்தில் நிம்மதியாகப் பேச அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்தான். கிருத்திகா. அந்தப் படம் பரவிய மறுநாளே எழுதியவள். இந்திராநகரில் ஒரு காபி ஷாப்பில் புகைப்படக் கண்காட்சி வைக்கப் போவதாகவும், புதுக் கைகளைத் தேடுவதாகவும் சொல்லியிருந்தாள். பழைய படங்களுக்கெல்லாம் போய் நிதானமாக ஒவ்வொன்றாய்ப் பாராட்டினாள். மித்ராவின் கதவுகளைப் பாராட்டிய முதல் ஆள் அவள்தான். அத்தோடு யோசனையும் சொல்வாள்.

'லொகேஷன் போடுங்க மித்ரா, லோக்கல் ஆளுங்க தேடி வருவாங்க. ரீச் எகிறும்.'

'லைவ் போடுங்க. காலைல காவேரித் தண்ணி பிடிக்கற சீன் சூப்பரா இருக்கும். தண்ணி எத்தனை மணிக்கு வரும் உங்க பக்கம்?'

'அந்த டான்ஸ் ஆடற அம்மா வீடு எது? அந்த வாசலையே கண்காட்சிக்கு ஒரு படமா வெக்கலாம்.'

மித்ரா சொல்லியிருந்தாள். தண்ணீர் வரும் நேரத்தையும் சொன்னாள், மாரியம்மன் கோயிலைத் தாண்டி மூன்றாவது வீடு என்பதையும் சொன்னாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவைப் பார்க்க நேரில் வருவதாகக் கிருத்திகா எழுதியிருந்தாள்.

ரோஜாப்பூக் கணக்கைப் பற்றியும் அவளிடமே மனம்விட்டு எழுதினாள் மித்ரா. பதில் உடனே வந்தது.

'யாரு அது? என்ன கேட்டாங்க? பிளாக் பண்ணது நல்லது. அந்த அக்கா இன்னும் அதே வீட்லதான் இருக்காங்களா? பாப்பாவும்?'

மித்ரா பதில் தட்டப் போனவள் விரலை எடுத்தாள். ஒரு பெண் பயந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் அவள் எழுதியிருந்தாள். குழந்தையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. படத்தில் குழந்தை இருந்ததே, அதைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாம்தான். இருந்தாலும் அந்த 'அதே வீட்லதான்' என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் கிருத்திகாவின் பக்கத்தைப் பெரிய திரையில் திறந்தாள். மொத்தம் சில படங்கள்தான். பட்டுப்புடவையில் ஒன்று. கல்யாணப் பெண்கள் ஆயிரம் பேருக்கு மடிப்பு சரிசெய்த கண் அவளுக்கு. ஏதோ இடிக்கிறது என்று பட்டது. அப்புறம் தெரிந்தது. முந்தானை வலது தோளில் கிடந்தது. குஜராத்திக்காரியோ என்று நினைத்து அடுத்ததைப் பார்த்தாள். கடைத்தெருவில் நிற்கும் படம். பின்னால் ஒரு பலகையில் கன்னட எழுத்துக்கள் எல்லாம் திரும்பிக் கிடந்தன. கண்ணாடியில் பார்ப்பதுபோலப் படத்தை, தேடினால் சிக்காதபடி, இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருந்தார்கள்.

மித்ரா அதைத் திருப்பினாள். முந்தானை இடது தோளுக்கு வந்தது. பலகையும் படிக்கக் கிடைத்தது. ஒரு பேக்கரியின் பெயர், மைசூர். திருப்பிய படத்தை இணையத்தில் தேடவிட்டாள். வேறொரு பெயரில், மைசூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் பக்கம் வந்து நின்றது. அவளுக்குக் கண்காட்சியும் தெரியாது, மித்ராவையும் தெரியாது.

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். லட்சுமம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான்தான் வீட்டைக் காட்டிக் குடுத்துட்டேன்" என்று மூச்சு வாங்கக் கிருத்திகாவின் பொய்ப் படத்தைப் பற்றிச் சொன்னாள். மாடியிலிருந்து லாவண்யாவும் இறங்கி வந்து கேட்டாள். அவள் அழவில்லை. மேலே போய்ப் பையில் துணியை அடைத்துக்கொண்டு குழந்தையோடு படியிறங்கி வந்தாள்.

"எங்க போவ?" என்றாள் லட்சுமம்மா.

"தெரியல."

"அப்ப அந்த ரோஜாப்பூ யாரு?" என்றாள் லட்சுமம்மா திடீரென்று. "புருசன்காரன் கிருத்திகான்னு பேர் வெச்சிக்கினு பேசறான்னா, அவன் எதுக்கு அங்கயும் வந்து 'யாரு யாரு'ன்னு கேக்கணும்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மித்ரா பிளாக்கை எடுத்துவிட்டு அந்தச் செய்திகளைக் கீழே வரை தள்ளினாள். அவள் பார்க்காமலே தூக்கியெறிந்த கடைசிச் செய்தி ஒன்று இருந்தது. 'நீங்க பயப்படறீங்கன்னு புரியுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு, அதான் பேர் போடல. அது லாவண்யான்னா காந்தா கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க. அவ உயிரோட இருக்கான்னு தெரிஞ்சா போதும்.'

"என் அக்கா பேரு காந்தா" என்றாள் லாவண்யா மெதுவாக.

மித்ராவுக்கு இப்போது அதையும் நம்ப முடியவில்லை. "அந்தப் பேர் அவனுக்கும் தெரியுமில்ல? நம்பர் அனுப்பச் சொல்றேன். குரலக் கேட்டாத்தான் நம்பணும்."

நம்பர் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்தான். பிறகு ஒரு பெண் குரல், கரகரத்த குரல், பயந்து பயந்து, "லாவி?" என்றது.

லாவண்யா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்ல காதுப் பக்கம் போனை வைத்துக்கொண்டு, "அக்கா, நான் சாவலக்கா" என்றாள். லட்சுமம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தங்கவயலில் ரகுராம் ஏற்கெனவே தேடிவிட்டுப் போய்விட்டதாகக் காந்தா சொன்னாள். அசோகனின் நண்பர் ஒருவரின் வண்டியில் சனிக்கிழமையே லாவண்யாவும் குழந்தையும் தங்கவயல் போனார்கள். மித்ரா வழியனுப்ப வந்தபோது லாவண்யா அவள் கையைப் பிடிக்கவில்லை, கோபமாகவும் பேசவில்லை. "வர்றேன் மித்ரா" என்று மட்டும் சொன்னாள்.

கிருத்திகாவுக்கு மித்ரா, 'வாங்க, காத்திருக்கேன்' என்று எழுதிவைத்திருந்தாள். கண்ணாவுக்கும் குழாயடிப் பெண்களுக்கும் லட்சுமம்மா விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வரும் நேரத்துக்குச் சரியாக இரண்டு ஆண்கள் சந்துக்குள் வந்தார்கள். ஒருவன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, முகத்தில் பணிவு. கண்ணா கடையில் நின்று போனில் அந்தப் படத்தைக் காட்டினான்.

"அண்ணா, இது என் ஒய்ஃப். கொஞ்சம் மனநிலை சரியில்ல. குழந்தையத் தூக்கிட்டு வந்துருச்சு. பாத்தீங்களா?"

குரலில் அவ்வளவு உருக்கம். விஷயம் தெரியாதவன் என்றால் கூடவே தேடக் கிளம்பியிருப்பான். கண்ணா படத்தை உற்றுப் பார்த்தார். சந்தேகக் கதையைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்தானே. குழாயடியில் கேமராவோடு நின்ற மித்ரா அவர் முகத்தையே பார்த்தாள்.

"இந்தம்மாவா?" என்றார் கண்ணா. "ஆடறது லட்சுமம்மா. பின்னாடி யாருன்னு தெரியலியேப்பா. ஊர்வலத்துக்கு எங்கெங்கயிருந்தோ வர்றாங்க."

அவன் நேராக மூன்றாவது வீட்டுக்கு நடந்தான். லட்சுமம்மா வாசலை அடைத்துக்கொண்டு குடத்தோடு நின்றிருந்தாள். அவன் கேட்டதற்கெல்லாம் தமிழே வராதவள்போலக் கன்னடத்தில் பதில் சொன்னாள்.

"யாரு பேக்கு நிமகே? நனகே தமிள் பரல்லப்பா."

"தமிழ் தெரியும்மா உங்களுக்கு. வீடியோல தமிழ்ல பேசினீங்க."

"கொத்தில்லா, கொத்தில்லா" என்று தெரியாதென்றே சொல்லிக் குடத்தை ஒரு இடுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள் லட்சுமம்மா. குழாயடியில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தை வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அவன் மாடிப்படியை எட்டிப் பார்த்தான். அப்போதுதான் பணிவு கழன்றது.

"மேல யாருடி இருக்கா? வழி விடு."

"ரகுராம்" என்று கூப்பிட்டாள் மித்ரா.

பெயரைக் கேட்டதும் அவன் திரும்பினான். மித்ரா கேமராவைக் கண்ணில் வைத்து அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"ஏய், எதுக்குடி எடுக்கற? நிறுத்து!" அவன் கையால் முகத்தை மறைத்தான். கூட வந்தவன் ஏற்கெனவே சந்து முனையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான்.

"கண்காட்சிக்குப் படம் வேணும்னு சொன்னீங்களே கிருத்திகா" என்றாள் மித்ரா. "அதான் எடுக்கறேன்."

அசோகன் டீக்கடையிலிருந்து எழுந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். ரகுராம் இரண்டு எட்டு முன்னால் வைத்தான், பெண்களைப் பார்த்தான், பிறகு ஏதோ அசிங்கமாகத் திட்டிக்கொண்டே போய்விட்டான்.

அந்தப் படங்களும் கிருத்திகாவின் செய்திகளும் காந்தா பிடித்த வக்கீல் மூலம் கோர்ட்டுக்குப் போயின. லாவண்யாவை அவன் நெருங்கக் கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. உத்தரவை அவன் எத்தனை நாள் மதிப்பான் என்று யாருக்கும் தெரியாது. லாவண்யா தங்கவயலில் ஒரு தையல் கடையில் வேலைக்குப் போகிறாள் என்று லட்சுமம்மாவுக்கு அவ்வப்போது போன் வரும். மித்ராவைக் கேட்டதாக லட்சுமம்மா ஒருநாளும் சொல்லவில்லை. மித்ராவும் கேட்கவில்லை.

சந்தில் அதன்பிறகு கேமரா தெரிந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். குழாயடிப் பெண்கள், "நம்மள எடுக்கலதானே?" என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போடும்போதுகூட இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போட்டார். இன்ஸ்டாவில் வந்த கூட்டமும் புதிதாக முகம் எதுவும் கிடைக்காமல் மெல்ல மெல்லக் கரைந்தது. மித்ரா பக்கத்தை மூடவில்லை. கதவுகளையும் ஜன்னல்களையும் போட்டாள். பாராட்டி யாராவது எழுதினால் நன்றி சொல்வதற்கு முன் அவர்களுடைய பக்கத்துக்குப் போய்ப் பழைய படம் வரைக்கும் பார்த்துவிட்டு வந்தாள். அந்த வழக்கம் அவளைவிட்டுப் போகவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் கண்ணா அவளைக் கூப்பிட்டார். கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருந்தார். தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, ஓரத்தில் ஒரு டீ கிளாஸ் வரைந்திருந்தது.

"ஒரு போட்டோ எடும்மா. போர்டு மட்டும். ஆளுங்க வேணாம்."

மித்ரா கேமராவைத் தூக்கினாள். அவள் சொல்லாமலேயே, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு ஒவ்வொருவராக எழுந்து ஓரமாகப் போனார்கள். காலியான பெஞ்சும் பலகையும் மட்டும் சட்டத்துக்குள் நின்றன. அவள் அழுத்தினாள். திரையைக் கண்ணாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையாக, யாராவது தெரிகிறார்களா என்று நிதானமாகப் பார்த்தார்.

"சரி" என்றார். "இத போட்டுக்கோ."